மூன்று நாளில் மலப்பிரபா பள்ளத்தாக்கு: பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே

ஹம்பியை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். முதல் பதில் இதுதான், மிச்சமெல்லாம் அதற்கான காரணங்கள்.

நீங்கள் கேட்டது: பெங்களூரில் இருக்கிறோம், அப்பா அம்மாவுக்கு எழுபதை ஒட்டிய வயது, மகள் நாலாவது படிக்கிறாள், சனி ஞாயிறு திங்கள் லீவு கிடைக்கிறது, ஹம்பியோடு பாதாமி, பட்டடக்கல், ஐஹொளே மூன்றையும் ஒரே நாளில் சேர்த்துவிட முடியுமா, மியூசியங்களைத் தவிர்த்தால் நேரம் மிச்சமாகுமா, குழந்தைக்கு போரடிக்காமல் இருக்க மலை, அருவி மாதிரி ஏதாவது உண்டா. முடியுமா என்றால் முடியும். வண்டிக்காரர்கள் ‘ஒரே நாளில் மூணும்’ என்று அழைத்துப் போகத்தான் செய்கிறார்கள். காலை எட்டுக்குக் கிளம்பி, பாதாமிக் குகையில் ஒரு மணி நேரம், பட்டடக்கலில் முக்கால் மணி, ஐஹொளேயில் துர்க்கை கோயில் வாசலில் ஒரு போட்டோ, அவ்வளவுதான். சாயங்காலம் உங்கள் அம்மாவைக் கேட்டால் எந்தத் தூண் எந்த ஊரில் என்று அவருக்கே குழப்பமாக இருக்கும்.

ஹம்பி பதினாலாம் நூற்றாண்டில் தொடங்கும் விஜயநகரக் கதை. வட கர்நாடகத்தில் மலப்பிரபா ஆற்றங்கரையில் இருப்பது ஆறாம் நூற்றாண்டிலிருந்து எட்டாம் நூற்றாண்டு வரையிலான சாளுக்கியர் கதை. நடுவில் அறுநூறு வருஷம் இருக்கிறது. சாலையிலும் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தால் இரண்டுமே மனசில் நிற்காது. அதைவிட முக்கியமான காரணம், தமிழர்களாகிய நமக்கு இந்தப் பள்ளத்தாக்கோடு பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. வாதாபி என்று நாம் பாட்டிலும் கதையிலும் கேட்டே வளர்ந்த ஊர்தான் பாதாமி. குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வயிற்றைத் தடவி ‘வாதாபி ஜீரணோ பவ’ என்று சொல்லும் பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அகத்தியர் வாதாபி என்ற அசுரனைத் தின்று ஜீரணித்த கதை இந்த ஊருடையதுதான், ஊர் நடுவே இருக்கும் ஏரிக்குப் பெயரே அகஸ்திய தீர்த்தம். காஞ்சிபுரத்தை மனசில் வைத்துக்கொண்டு போனால் இந்த இடம் திறக்கிற விதமே வேறு.

அந்தக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எங்கே எதைப் பார்ப்பது என்பது அப்போதுதான் புரியும். ஐஹொளேயில் மேகுட்டி என்ற குன்றின் மேல் ஒரு சமணக் கோயில், கட்டியது ரவிகீர்த்தி என்ற புலவர், ஆண்டு 634. கிழக்குச் சுவரில் பத்தொன்பது வரியில் அவரே எழுதிய சமஸ்கிருதக் கவிதை வெட்டப்பட்டிருக்கிறது. தன் அரசனான சாளுக்கியன் இரண்டாம் புலிகேசி வடநாட்டுப் பேரரசர் ஹர்ஷரை நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியதைப் பெருமையாகச் சொல்லிவிட்டு, பல்லவன் சாளுக்கியப் படை கிளப்பிய புழுதியில் ஒளி மங்கி காஞ்சியின் மதிலுக்குள் போய் ஒளிந்தான் என்கிறார். சமஸ்கிருதப் பெருங்கவிகள் காளிதாசன், பாரவி புகழ் தனக்கும் உண்டு என்று கடைசியில் தன்னையும் ஒரு வார்த்தை புகழ்ந்துகொள்கிறார், புலவர் அல்லவா. எட்டே வருஷம் கழித்து, 642இல், மதிலுக்குள் ஒளிந்ததாக அவர் எழுதிய பல்லவனின் மகன் நரசிம்மவர்மன் பாதாமிக்குள் நுழைந்துவிட்டான். வாதாபி கொண்டான் என்ற பட்டம் அப்போது வந்ததுதான். பாதாமியில் தெக்கின ஈரப்பா கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் அவனுடைய கல்வெட்டு இன்றும் இருக்கிறது. சிதைந்துவிட்டது, படிக்கிற நிலையில் இல்லை, வழிகாட்டிப் பலகையை நம்பிப் போனால் கிடைக்காது, மியூசியத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் தலைநகரம் பல்லவர் கையில். புலிகேசியின் மகன் முதலாம் விக்கிரமாதித்தன்தான் மீட்டான்.

நூறு வருஷம் கழித்து மூன்றாவது அத்தியாயம். சாளுக்கிய அரசன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சிக்குள் நுழைந்தான். ஊரைக் கொளுத்தவில்லை. கைலாசநாதர் கோயிலின் பொன்னையெல்லாம் பார்த்துவிட்டு அதைக் கோயிலுக்கே திருப்பிக் கொடுத்ததாக அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் எழுதிவைத்துவிட்டு வந்தான். காஞ்சிபுரம் போகும்போது அந்தக் கன்னட எழுத்தைக் கேட்டுப் பாருங்கள், இருக்கிறது. அந்த வெற்றியின் நினைவாக அவன் பட்டத்தரசி லோகமாதேவி பட்டடக்கலில் கட்டியதுதான் விரூபாட்சர் கோயில். அதைப் பார்க்கும்போது உங்கள் அப்பாவுக்கு ‘இது கைலாசநாதர் கோயில் மாதிரியே இருக்கே’ என்று தோன்றினால் ஆச்சரியமில்லை. அங்கே இருக்கும் கல்வெட்டு கட்டடக் கலைஞர் ஒருவரைத் தென்திசைச் சூத்திரதாரி என்றே குறிப்பிடுகிறது. அங்கிருந்து அடுத்த படி எல்லோரா கைலாசம். காஞ்சி, பட்டடக்கல், எல்லோரா என்று ஒரு கோடு இழுக்கலாம், ஆய்வாளர்கள் அப்படித்தான் இழுக்கிறார்கள்.

சரி, இனி நடைமுறை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெங்களூர் மெஜஸ்டிக் ஸ்டேஷனில் கோல்கும்பஸ் எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் பாதாமி. ஹூப்ளி, கதக் வழியாகப் போகிற வண்டி. லீவு நாட்களில் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும். ஸ்டேஷன் ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஆட்டோ நிற்கும். காரில் போவதென்றால் சித்ரதுர்கா, ஹொசபேட்டே, குஷ்டகி என்று சுமார் 450 கிலோமீட்டர், ஒரு பகல் முழுக்கப் போய்விடும். வயதானவர்களோடு எட்டு ஒன்பது மணி நேரம் காரில் உட்காருவதைவிட ரயில்தான் நல்லது என்பேன். பாதாமியில் இரண்டு ராத்திரி தங்குங்கள், அங்கிருந்தே மற்றதற்குப் போய் வரலாம். பட்டடக்கல் 22 கிலோமீட்டர், அங்கிருந்து ஐஹொளே இன்னொரு 13 அல்லது 14. மொத்தப் பள்ளத்தாக்கும் இவ்வளவுதான். உங்கள் கிழமைக் கணக்கு ஒரு விஷயத்தில் தானாகவே நன்றாக அமைந்துவிட்டது: இங்கே தொல்லியல் துறை மியூசியங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வியாழன் ராத்திரி கிளம்பி வெள்ளியன்று போய் நிற்பவர்கள்தான் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள்.

மியூசியத்தை விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். விடாதீர்கள். எப்போது போவது என்பதை மட்டும் மாற்றுங்கள். இது வட கர்நாடகம், டிசம்பரில்கூட மத்தியான வெயில் மணற்கல்லில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கும், ஏப்ரல் மே என்றால் நாற்பது டிகிரி சாதாரணம். பதினொன்றரையிலிருந்து மூன்று வரை வெளியே அலையக் கூடாது. மியூசியம் அந்த நேரத்துக்கானது: நிழல், உட்கார இடம், கையெட்டும் தூரத்தில் சிற்பம். காலையில் குகைகளில் தூரத்தில், மங்கிய வெளிச்சத்தில் பார்த்ததை மத்தியானம் கண்ணுக்கு நேராகப் பார்ப்பீர்கள்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு நேராகக் குகைகளுக்குப் போங்கள். நான்கு குகைகள், எல்லாம் ஒரே செம்பாறையில் மேலே மேலே குடைந்தவை. முதல் குகை கிட்டத்தில்தான், அங்கேயே பதினெட்டுக் கை நடராஜர், உங்கள் அம்மா அதுவரை ஏறிவிடுவார். கைகளை ஜோடி ஜோடியாகச் சேர்த்தால் 81 முத்திரை வரும் என்று கைடுகள் சொல்வார்கள். உங்கள் மகளுக்கு அது கணக்கு வகுப்பாகவும் ஆகிவிடும், ஒன்பதும் ஒன்பதும் பெருக்கச் சொல்லுங்கள். மூன்றாவது குகைக்குப் படி கொஞ்சம் அதிகம், ஒவ்வொரு படியும் உயரம். முட்டி வலி இருப்பவரை வற்புறுத்த வேண்டாம். ஆனால் முடிந்தவர்கள் அதை விட்டால் பாதாமியை விட்டமாதிரி. ஆண்டு போட்ட குகை அது, 578. ஆதிசேஷன் மேல் உட்கார்ந்திருக்கும் விஷ்ணு, வராகம், திரிவிக்கிரமன், நரசிம்மர், ஹரிஹரர், எல்லாம் ஆளுயரத்துக்கும் மேல். தாழ்வாரத்துத் தூண்களின் உச்சியில் தாங்குபலகை மாதிரி சாய்ந்து நிற்கும் ஜோடிச் சிற்பங்களை அண்ணாந்து பார்க்க மறக்காதீர்கள், பெரும்பாலோர் விஷ்ணுவோடு போட்டோ எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். நான்காவது சமணக் குகை, சின்னது. பார்சுவநாதர், பாகுபலி. அங்கிருந்து ஏரி முழுசாகத் தெரியும்.

குரங்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டிக் கவர் சத்தம் கேட்டாலே வந்துவிடும். பிஸ்கட் பாக்கெட், வாழைப்பழம், கையில் தொங்கும் தண்ணீர் பாட்டில் எதுவும் வெளியே தெரியக் கூடாது, எல்லாம் தோள்பைக்குள். குழந்தையை அதற்குத் தீனி போட விடாதீர்கள்.

பதினொன்றரைக்கு இறங்கி ஏரிக்கு வடகரையில் இருக்கும் மியூசியம். சின்னதுதான், ஒரு மணி நேரம் தாராளம். அங்கே இரண்டு விஷயத்துக்கு முன்னால் நில்லுங்கள். ஒன்று லஜ்ஜா கௌரி, நாகநாதகொள்ளாவிலிருந்து வந்தது. தலை இருக்க வேண்டிய இடத்தில் மலர்ந்த தாமரை, கால்கள் பிரசவத்துக்குப் போல் இரு பக்கமும் விரிந்து மடங்கியிருக்கும். வயிற்றின் மென்மையையும் கால் கொலுசையும் ஒரே உளி எப்படிக் கொண்டுவந்தது என்று கிட்டே குனிந்து பார்க்கலாம். பிள்ளை கேள்வி கேட்பாள், பிள்ளைப்பேறுக்கு வேண்டிக்கொள்ளும் சாமி என்று நேராகவே சொல்லிவிடலாம், மழுப்ப வேண்டியதில்லை. இன்னொன்று சித்லபடியின் மாதிரி வடிவம். ஊருக்கு வெளியே மேட்டுக்காட்டில் இருக்கும் இயற்கைப் பாறை வளைவு அது, வரலாற்றுக்கு முந்தைய மனிதர்கள் தங்கிச் சிவப்பு ஓவியம் தீட்டிய இடம். நிஜ இடத்துக்கு மூன்று நான்கு கிலோமீட்டர் நடை, பாதை சரியாக இல்லை, உள்ளூர் ஆள் துணை வேண்டும். தாத்தா பாட்டி தூங்கும் ஒரு விடியற்காலையில் நீங்களும் மகளும் மட்டும் போய்வரலாம், விருப்பமிருந்தால்.

மியூசியத்தை ஒட்டியே பாறைப் பிளவுக்குள் ஒரு பாதை மேலே ஏறும், அதுதான் வட கோட்டை. கீழ் சிவாலயம், மேல் சிவாலயம், தனியே ஒரு பாறைமேல் மாலெகிட்டி சிவாலயம். உங்கள் அப்பா நிச்சயம் ஒரு கேள்வி கேட்பார்: வாதாபி கணபதி எங்கே? முத்துசுவாமி தீட்சிதர் ஹம்சத்வனி ராகத்தில் பாடிய கணபதி இருப்பது தமிழ்நாட்டில், திருச்செங்காட்டங்குடியில். நரசிம்மவர்மனின் படைத்தலைவர் பரஞ்சோதி, அதாவது பின்னாளில் சிறுத்தொண்டர் என்ற நாயனார் ஆனவர், வாதாபியிலிருந்து கொண்டுவந்தார் என்பது செவிவழிச் செய்தி. பெரியபுராணம் வாதாபி துகளானதைச் சொல்கிறது, அங்கிருந்து அள்ளி வந்த மணி, நிதி, யானை, குதிரை எல்லாம் சொல்கிறது, பிள்ளையாரைச் சொல்லவில்லை. கீழ் சிவாலயத்தைக் காட்டி, இங்கேதான் கணபதி இருந்தார் என்பவர்கள் உண்டு. அப்பாவிடம் இரண்டையும் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

நாலு மணிக்கு மேல் ஏரிக்கரையோடு நடந்து கிழக்குக் கோடிக்குப் போனால் பூதநாதர் கோயில். சமதளமான பாதை, பெரியவர்களும் வரலாம். கோயில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கிற மாதிரி இருக்கும், மேற்கே சாயும் வெயில் நேராகப் பின்னால் உள்ள பாறைமேல் விழுந்து அது செங்கல் நிறத்துக்கு மாறும். படித்துறையில் பெண்கள் துணி துவைக்கும் சத்தம் எதிர்ப் பாறையில் மோதி இரட்டையாகத் திரும்பி வரும். அந்தப் பக்கத்துப் பாறை ஒன்றில் கப்பே அரபட்டன் என்ற வீரனைப் பற்றிய கல்வெட்டும் இருக்கிறது, சுமார் 700ஆம் ஆண்டு, கன்னடத்தில் திரிபதி என்ற மூன்றடி யாப்பில் கிடைக்கும் மிகப் பழைய கவிதை. நல்லவனுக்கு நல்லவன், இனியவனுக்கு இனியவன், வம்புக்கு வந்தால் சும்மா விடமாட்டான் என்று அதன் சாரம். பெங்களூரில் பள்ளிக்கூடத்தில் கன்னடம் படிக்கிற மகளிடம் சொல்லிப் பாருங்கள், பெயராவது தெரிந்திருக்கலாம்.

மழைக்காலத்தில் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல்: ஜூலைக்கு மேல் நல்ல மழை விழுந்தால் ஏரிக்கு மேலுள்ள பாறையிலிருந்து அக்கா தங்கி என்று இரட்டை அருவி கொட்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் காணாமலும் போகும். அதை நம்பிப் பயணம் வைக்க முடியாது. நீங்கள் நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் போவதுதான் பெரியவர்களுக்கு நல்லது, அருவி இருக்காது, பரவாயில்லை. இந்த இடத்தில் இயற்கை என்று தனியாகத் தேடிப் போக வேண்டியதில்லை, நீங்கள் நிற்கிற பாறையே அது. டைனோசர்களுக்கு வெகு முன்னால் தண்ணீரில் படிந்த மணல் இறுகிக் கல்லானது. குகைச் சுவர்களில் ஓடும் சிவப்பு, மஞ்சள், ஊதா வரிகளெல்லாம் அந்தப் படிவுகள்தான். சிற்பி சில இடங்களில் அந்த வரிகளையே பயன்படுத்திக்கொண்ட மாதிரி தோன்றும். மாமல்லபுரத்துக் கருங்கல்லை உளி கெஞ்ச வேண்டும், இந்தக் கல் இணங்கிக் கொடுக்கும். அதனால்தான் இங்கே நகை, முடிச்சுருள் எல்லாம் அத்தனை நுணுக்கம், அதனாலேயே மழைபட்ட இடங்களில் முகங்கள் கரைந்தும் போயிருக்கின்றன.

ஞாயிறு காலை ஏழரைக்கே கிளம்பி பட்டடக்கல். பெரியவர்களுக்கு மூன்று இடங்களிலும் இதுதான் சுலபம், புல்வெளியில் கோயில்கள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஏற்றமே கிடையாது. 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. வடநாட்டுப் பாணி வளைந்த சிகரமும் நம்முடைய அடுக்கு விமானமும் ஒரே மைதானத்தில் தோளோடு தோள் நிற்பதை இவ்வளவு பழைய காலத்தில், இவ்வளவு நெருக்கமாக, வேறு எங்கே பார்க்க முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. விரூபாட்சருக்குக் காலையில் போவது ஏன் என்றால் கோயில் கிழக்குப் பார்த்தது, நந்தி மண்டபத்தைத் தாண்டி வெயில் உள்ளே வரும், தூண்களில் வரிவரியாக வெட்டிய ராமாயண, பாரதக் காட்சிகள் அந்த வெளிச்சத்தில்தான் தெளியும். இங்கே இன்னும் பூஜை நடக்கிறது, அம்மாவுக்கு அர்ச்சனையும் ஆகும். பக்கத்திலேயே லோகமாதேவியின் தங்கை திரைலோக்யமாதேவி கட்டிய மல்லிகார்ஜுனர், அக்காவுடையதைப் பார்த்துக் கட்டிய தங்கை கோயில். இரண்டையும் ஒப்பிட்டு எது அழகு என்று வீட்டுக்குள் சண்டை போட்டுக்கொள்ளலாம்.

அங்கிருந்து கொஞ்சம் தள்ளி பாபநாதர். முக்கால்வாசிப் பேர் அதுவரை நடப்பதில்லை. நடக்க வேண்டும், உங்கள் மகளுக்காகவாவது. வெளிச்சுவரில் ராமாயணம் காட்சி காட்சியாக ஓடுகிறது, பாத்திரங்களின் பெயரைப் பழைய கன்னட எழுத்தில் அதனதன் பக்கத்திலேயே பொறித்திருக்கிறார்கள். எது சூர்ப்பணகை, எது ஜடாயு என்று கண்டுபிடிக்கச் சொன்னால் அரை மணி நேரம் அவள் பக்கமே திரும்ப வேண்டியதில்லை. ஆற்றங்கரைக்கு விரூபாட்சரின் கிழக்கு வாசல் வழியாகப் போய்ப் பாருங்கள். கிழக்கே ஓடிவரும் மலப்பிரபா இங்கே வடக்கே திரும்புகிறது, சாளுக்கிய அரசர்கள் பட்டம் சூட்டிக்கொள்ளும் இடமாக இதைத் தேர்ந்ததற்கு அந்தத் திருப்பமும் காரணம் என்பார்கள். கோடையில் குட்டை குட்டையாகக் கிடக்கும் ஆறுதான், ஆனால் 2019 ஆகஸ்டில் இதே ஆறு கோயில் வளாகத்துக்குள் புகுந்தது. மழைக்காலத்தில் கரையில் இறங்க வேண்டாம்.

மத்தியானத்துக்கு ஐஹொளே மியூசியம், துர்க்கை கோயில் வளாகத்திலேயே இருக்கிறது. துர்க்கைக்கும் அந்தக் கோயிலுக்கும் சம்பந்தமில்லை, பக்கத்தில் இருந்த கோட்டையால் வந்த பெயர். பின்பக்கம் யானை முதுகு மாதிரி வளைந்திருப்பதைச் சுற்றி வந்து பார்க்க வேண்டும், திருச்சுற்றுத் தூண்களின் இடையே ஒவ்வொரு மாடத்திலும் ஒரு சாமி. ஊர் முழுக்க நூறுக்கு மேல் கோயில்கள், ஒரு காலத்தில் யார் குடியிருந்தார்களோ அவர் பெயரிலேயே லாட்கான் கோயில், கவுடர் குடி என்றெல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்க முயல வேண்டாம். லாட்கான், அப்புறம் ராவணபடி குகை போதும். ராவணபடியில் சிவன் சப்தமாதர்களோடு ஆடுகிறார், அந்த மாதர்களின் ஒல்லியான உடலும் நீளமான கிரீடமும் பாதாமியில் பார்த்த கனத்த உருவங்களிலிருந்து எவ்வளவு வேறு என்று அப்பாவே கவனிப்பார். நாலு மணிக்கு மேல் மேகுட்டி ஏறுங்கள். படி இருக்கிறது, இருந்தாலும் பெரியவர்கள் கீழே இருந்துவிடலாம். வழியில் இரண்டடுக்கு பௌத்தக் கோயில், உச்சியில் ரவிகீர்த்தியின் சுவர், அதற்கும் பின்னால் போனால் சமாதிகளாக எழுப்பிய பெருங்கற்காலக் கல்வீடுகள். ஒரே குன்றில் மூன்று காலம்.

திங்கட்கிழமையை நிரப்பி வைக்காதீர்கள். மகாகூடம் கோயில் ஒன்று போதும். மரங்களுக்கு நடுவே ஊற்றுத் தண்ணீர் நிறைந்த விஷ்ணு புஷ்கரணி, உள்ளூர்ப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் மகளும் கால்களையாவது நனைப்பாள், மாற்றுத் துணி எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் பனசங்கரி. பெங்களூரில் பனசங்கரி பஸ் ஏறியே பழகியவர்களுக்கு அந்த அம்மன் இங்கேதான் மூலம் என்று தெரிவதில்லை. கோயில் வாசலில் பெண்கள் கூடையில் சோள ரொட்டி, எண்ணெய்க் கத்தரிக்காய், கடலைச் சட்னி, தயிர் வைத்து விற்பார்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஹோட்டல் இட்லியைத் தேட வேண்டாம். ஊருக்குள் மற்ற வேளைகளுக்கு கானாவளி என்று போர்டு போட்ட சின்ன மெஸ்கள் இருக்கின்றன, அங்கேயும் இதே சாப்பாடுதான், பெரியவர்களுக்கு ரொட்டி கடினமாக இருந்தால் ‘அன்னா சாம்பார்’ கேட்டால் கொடுப்பார்கள். பெங்களூர்க் கன்னடம் அவர்களுக்குப் புரியும், அவர்கள் பேசுவது முதல் நாள் நமக்குப் புரியாது, எல்லாவற்றுக்கும் பின்னால் மரியாதைக்கு ஒரு ‘ரீ’ சேர்த்துக்கொண்டால் முகம் மலர்ந்துவிடும்.

அம்மாவுக்குப் புடவை ஆசை இருந்தால் குளேதகுட்டம் பக்கத்தில்தான், ரவிக்கைத் துணிக்குப் பெயர் பெற்ற ஊர், இல்கல் புடவையோடு சேர்த்து எடுப்பார்கள். ஆனால் அதற்கு அரை நாள் போய்விடும், மகாகூடத்தை வெட்ட வேண்டியிருக்கும். கூடலசங்கமம், ஆலமட்டி அணை என்று டிரைவர் ஆசை காட்டுவார். மூன்று நாளில் அதற்கு இடமில்லை, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.